பலாப்பலகையில் ஒரு சுழி

அந்தப் பட்டறையில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடர்கள் இரண்டு பேரும் அவளுக்கு மூத்தவர்கள்.

குருவின் பெயர் அகிலாண்டம். கட்டில், நாற்காலி, மணை என்று எதைச் செய்தாலும் முதலில் மரத்தின் வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பாள். வார்னிஷ் பூச மாட்டாள். எண்ணெய் மட்டும் தேய்த்துக் கொடுப்பாள். யாராவது கேட்டால், "மொகம் நல்லா இருக்கிற பொண்ணுக்கு எதுக்குங்க பவுடரு?" என்பாள்.

முதல் சீடன் ஏழுமலை. நாற்பத்தைந்து வயது. முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். இப்போதும் ஆளுக்கொரு பக்கமாகப் பலகையைத் தூக்கும்போது, "ரைட், போலாம்" என்பான்.

இரண்டாவதாக வந்தவள் அஞ்சலாட்சி. ஐம்பத்திரண்டு வயது. தை மாதம் ஒரு நாள் காலையில், டிராக்டரில், நான்கு பலாப்பலகைகளோடு வந்து இறங்கினாள்.

டிராக்டர்க்காரன் இறங்கவில்லை. "நீங்களே எறக்கிக்கங்க. நான் கை வைக்க மாட்டேன்" என்றான்.

"ஏன், பலகை கடிக்குமா?" என்றான் ஏழுமலை.

"உயிர் வாங்கின மரம்ப்பா. எங்க ஊருல இதை அடுப்புக்குக்கூட எடுக்க மாட்டாங்க."

பலகையின் மேல் வைத்த கையை ஏழுமலை எடுத்துக்கொண்டான்.

அகிலாண்டம் உள்ளேயிருந்து வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முனையைப் பிடித்தாள். அஞ்சலாட்சி மறுமுனையைப் பிடித்தாள். மூன்று பலகைகளை இரண்டு பெண்களும் இறக்கினார்கள். நான்காவது பலகைக்கு ஏழுமலை வெட்கப்பட்டு வந்து தோள் கொடுத்தான். "ரைட்" சொல்லவில்லை.

டிராக்டர் போன பிறகு அகிலாண்டம், "சொல்லுங்கக்கா" என்றாள்.

"என் மவன் தனவேலு. பலாக்காய் எறக்க மரத்துல ஏறினான். காயைக் கயித்துல கட்டி எறக்குவான். நான் கீழ நின்னு வாங்குவேன். வருஷா வருஷம் அப்பிடித்தான். போன ஆனியில, அவன் நின்ன கிளை முறிஞ்சிடிச்சி."

"எவ்வளவு வயசு?"

"இருவத்து மூணு."

அகிலாண்டம் ஒரு மணையை இழுத்து அவளுக்குப் போட்டாள்.

"பச்சை மரம்மா. ஒரு எலை பழுக்கல. காய் அப்பிடித் தொங்குச்சி. அது எப்பிடி முறியும்? ஊருல கேட்டேன். விதின்னாங்க. கோயில்ல கேட்டேன். கருமம்னாங்க. காரியம் முடிஞ்ச மறுநாளே ஆளை வச்சி மரத்தை வெட்டிச் சாய்ச்சேன். கிளை முறிஞ்ச எடத்துக்குக் கீழ இருந்த துண்டை மட்டும் மில்லுல அறுத்து வச்சேன். மிச்சத்தைக் குட்டையில தள்ளிட்டேன்."

"இதுல என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். எனக்கு இழைக்கக் கத்துக்குடு."

"எதுக்கு?"

"உள்ள என்ன இருந்துச்சின்னு பாக்கணும். ஏன் முறிஞ்சிச்சின்னு பாக்கணும். அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

அகிலாண்டம் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முனையைப் பார்த்தாள். ஓரத்தைத் தடவினாள். கடைசிப் பலகையில் ஒரு இடத்தில் அவள் கை நின்றது. அந்தப் பலகையைத் தனியாக எடுத்து, மற்ற மூன்றுக்கும் அடியில் போட்டாள்.

"நாளைக்கு வாங்கக்கா. முடியை இறுக்கி முடிஞ்சிக்கிட்டு வாங்க. தூள் பறக்கும்."

மரம் சீவுகிற இழைப்புளியைப் பிடிக்கப் பழகவே நான்கு நாள் ஆனது. முதல் நாள் அது ஓடவே இல்லை. இரண்டாம் நாள் பலகையைக் கொத்தியது. மூன்றாம் நாள் அஞ்சலாட்சியின் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அகிலாண்டம் தேங்காய் எண்ணெய் கொடுத்தாள்.

"வரி ஓடுற பக்கம் போங்கக்கா. எதுத்துக்கிட்டுப் போனாப் பிசிறு அடிக்கும்."

"எனக்கு எது பக்கம்னு எப்பிடித் தெரியும்?"

"பூனையைத் தடவுவீங்கல்ல, அது மாதிரிதான்."

நான்காம் நாள் சீவல் வந்தது. வார்த்த தோசை கல்லை விட்டு ஓரம் சுருண்டு எழுவதுபோல, இழைப்புளியின் வாயிலிருந்து மெல்லிசாக எழுந்தது. கீழே மரம் மஞ்சளாக இருந்தது. புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள். வெயில் பட்ட இடத்தில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மின்னின.

ஏழுமலை கிட்டே வந்து பார்த்தான். "இதுல மட்டும் ஒரு கட்டில் போட்டா..." என்று ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அஞ்சலாட்சி வரியைப் பார்க்கவில்லை. விரிசலைத் தேடினாள். ஓட்டையைத் தேடினாள். பூச்சி அரித்த தடத்தைத் தேடினாள். ஒன்றும் இல்லை. இன்னும் இழைத்தாள்.

பலகை வழவழப்பானதும் எல்லோரும் நிறுத்துவார்கள். அவள் நிறுத்தவில்லை. ஒன்றரை அங்குலப் பலகை ஒரு அங்குலம் ஆயிற்று. அரை ஆயிற்று. ஒன்பதாம் நாள் அப்பளம் மாதிரி ஆகி, நடுவில் ஒடிந்தது. அன்று சாயங்காலம் இழைப்புளியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, இதுல ஒரு குத்தமும் இல்லை. சுத்தமா இருக்கிறது ஏன் முறியுது?"

"நாளைக்கும் இழைங்கக்கா" என்றாள் அகிலாண்டம்.

இரண்டாவது பலகையும் அப்படியே போயிற்று. பட்டறை முழுக்க மஞ்சள் சுருள். ஏழுமலை கூட்டிக் கூட்டிச் சாக்கில் கட்டினான்.

"யக்கா, மத்தவங்க மரத்தை நாற்காலி ஆக்குவாங்க. நீங்க சேமியா ஆக்குறீங்க."

"நாக்கை நீட்டு. அதுவும் கொஞ்சம் தடிச்சித்தான் இருக்கு. இழைச்சி விடுறேன்."

ஏழுமலை சிரித்தான். அஞ்சலாட்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே தன் வாயிலேயே தன் கையால் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டாள். ஏழுமலை சாக்கைக் கட்டப் போய்விட்டான்.

அவள் தினமும் ஏழு மணிக்கு வருவாள். கொண்டுவந்த சோற்றைப் பாதிக்கு மேல் சாப்பிட மாட்டாள். மீதியை நாய்க்கு வைப்பாள். ஒரு நாள் நாயைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "தின்னு. நீயாவது தின்னு. எங்க வீட்டுல ஆக்குனா தின்ன ஆளு இல்லை. ஆக்காம இருந்தா ஏன்னு கேக்கவும் ஆளு இல்லை."

அகிலாண்டம் அதைக் கேட்டாள். கையிலிருந்த நாற்காலிக் காலை அன்று முழுக்க உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது தேவைக்கு மேல் மெலிந்துவிட்டது. வேறு கால் செய்ய வேண்டி வந்தது.

மூன்றாவது பலகை பாதி ஆனபோது, அஞ்சலாட்சி முகம் கழுவப் போன நேரம் பார்த்து ஏழுமலை குருவிடம் வந்தான்.

"அடியில ஒரு பலகையை வச்சிருக்கியே, அந்தக் குத்தம் அதுல இருக்கா?"

"இருக்கு."

"அது அந்தம்மாவுக்குத் தெரிய வேணாம்னுதான வச்சே?"

அகிலாண்டம் கையிலிருந்த உளியைத் தீட்டத் தொடங்கினாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பலகையை நான் எடுத்துட்டுப் போயிடறேன். மழையில ஊறிப்போச்சின்னு சொல்லு. கிளை முறிஞ்சதுக்குக் கரையான்னு சொல்லு. காத்துன்னு சொல்லு. ஒரு பொய்யில என்னா கெட்டுப்போவுது? பஸ்ஸுல 'எடம் இருக்கு, ஏறு ஏறு'ன்னு தெனமும் நூறு பொய் சொன்னவன் நான்."

"ஏறினவங்க எடம் இல்லைன்னு பார்ப்பாங்கல்ல?"

"பார்ப்பாங்க. அதுக்குள்ள வண்டி போயிட்டு இருக்கும்."

அகிலாண்டம் மீதியிருந்த அந்தப் பலகையைப் பார்த்தாள். "எனக்கும் அதான் தோணுதுண்ணே. தெனமும் தோணுது. நாளைக்கு எடுத்துட்டுப் போ."

ஏழுமலை தலையாட்டினான்.

ஆனால் மறுநாள் அவன் வருவதற்கு முன்பே அஞ்சலாட்சி வந்துவிட்டாள். மூன்றாவது பலகையைப் பாதியிலேயே விட்டாள். அடியில் கிடந்ததை அவளே இழுத்து மேசைமேல் ஏற்றினாள். அதன் ஒரு ஓரத்தில் பட்டை இன்னும் ஒட்டியிருந்தது.

அகிலாண்டம் வந்தபோது இழைப்புளி ஓடிக்கொண்டிருந்தது.

"அதை அப்புறம் பார்க்கலாம்க்கா."

"ஏன்?"

"மூணாவது முடியட்டும்."

"வந்த அன்னிக்கே இதைத் தடவிப் பாத்துட்டு அடியில போட்டே. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். முதல்ல மத்ததையெல்லாம் பாத்துடணும்னு இருந்தேன். வேற எதுலயாவது இருந்துடட்டும்னு."

அகிலாண்டம் ஒதுங்கி நின்றாள்.

இழைப்புளி கொஞ்ச தூரம் சுகமாக ஓடியது. பிறகு ஒரு இடத்தில் முட்டி நின்றது. அஞ்சலாட்சி அழுத்தினாள். பிசிறு கிளம்பியது.

குருவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வரி திரும்புதுக்கா. அழுத்தாதீங்க. அந்தப் பக்கமா வந்து இழைங்க."

அஞ்சலாட்சி சுற்றி வந்து இழைத்தாள். மறுபடி முட்டியது. இன்னொரு பக்கம் வந்தாள். நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி இழைத்தாள். மேல் தோல் போனது.

நேராக வந்த வரிகள் அந்த இடத்தில் வளைந்தன. வாய்க்கால் தண்ணீர் கல்லைச் சுற்றுவதுபோல் சுற்றின. ஒன்றுக்குள் ஒன்றாக, மஞ்சளும் தேனும் கலந்த நிறத்தில், சுழி சுழியாகப் போய் நடுவில் ஒரு கறுப்புக் கட்டையில் முடிந்தன.

ஏழுமலை அப்போதுதான் உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால், செய்யச் சொல்லியிருந்த நாற்காலியை எடுத்துப்போக வந்த பல் டாக்டர். டவுன்காரர். நாற்காலியை அவர் பார்க்கவே இல்லை.

"அம்மாடி! என்ன மரம் இது?"

"பலாங்க" என்றான் ஏழுமலை, தரையைப் பார்த்து.

"இது எனக்கு வேணும். டீப்பாய் செஞ்சி குடுங்க. இந்தச் சுழி சரியா நடுவுல வரணும். மேல கண்ணாடி போட்டுக்கறேன். எப்பேர்ப்பட்ட அழகு!"

"அழகா?" என்றாள் அஞ்சலாட்சி.

"உங்களுக்குத் தெரியலையாம்மா? சாமியே உக்காந்து கையால வரைஞ்ச மாதிரி இருக்கு."

அஞ்சலாட்சி அவரையே பார்த்தாள். இழைப்புளியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. அகிலாண்டம் நடுவில் வந்து, "அது விக்கறதுக்கு இல்லைங்க" என்றாள். நாற்காலியைத் தூக்கி அவர் காரில் தானே வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பி வந்தபோது அஞ்சலாட்சி அதே இடத்தில் நின்றாள். அவள் விரல் கறுப்பின் மேல் இருந்தது.

"இது என்ன?"

"கணுக்கா."

"கணுன்னா?"

"ஒரு கிளை இருந்த எடம்."

"அந்தக் கிளை எங்க?"

"வெட்டியிருக்காங்க. ரொம்ப வருஷம் முன்னாடி. மரத்தோட ஒட்ட வெட்டல. ஒரு சாண் கட்டையா விட்டு வெட்டியிருக்காங்க."

"யாரு?"

"யாரோ."

அஞ்சலாட்சி இழைப்புளியை மெதுவாகக் கீழே வைத்தாள். தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுவதுபோல் வைத்தாள்.

"யாரோ இல்லை. நான்தான்."

ஏழுமலை ஓரடி கிட்டே வந்தான்.

"ஆட்டுக்குத் தழை வெட்டினேன். ஒட்ட வெட்டத்தான் அருவாளை ஓங்கினேன். கீழ நின்னுக்கிட்டு, 'யம்மா, எனக்குக் கால் வைக்கக் கொஞ்சம் விடும்மா'ன்னான். அப்ப அவனுக்கு ஏழு வயசு. சரி, புள்ளை ஏறட்டும்னு ஒரு சாண் விட்டேன். அதுமேல ஏறி நின்னுக்கிட்டு, தெருவுல போறவங்களையெல்லாம் பேரு சொல்லிக் கூப்பிட்டான். பெரிய மாமா போனா 'டேய் மாமா'ன்னான். அடி வாங்கினான்." அவள் நிறுத்தினாள். "காலு நீண்டதும் அவனுக்கு அந்தப் படி வேணாமாப் போச்சி. எனக்கு மறந்தே போச்சி."

ஏழுமலை முந்திக்கொண்டான். "யக்கா, இதுக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்? கரையான் இருக்கு. அன்னிக்குக் காத்து வேற. மரம்னா ஆயிரம் இருக்கும்."

"நீ சும்மா இருப்பா." அஞ்சலாட்சி குருவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. அது இதனாலதான் முறிஞ்சிச்சா?"

அகிலாண்டம் அலமாரியிலிருந்து எண்ணெய்ச் சீசாவை எடுத்தாள். ஒரு துணியில் ஊற்றினாள். முடிந்த வேலைக்குத் தேய்ப்பதுபோல், பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அவசரமில்லாமல் தேய்த்தாள்.

மரம் விழித்துக்கொண்டது. மஞ்சள் பொன்னாயிற்று. சுழியின் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக மேலே வந்தது. ஏழுமலை தன்னை அறியாமல் மூச்சை இழுத்தான். அந்தப் பொன்னுக்கு நடுவே இதுவரை தெரியாத ஒன்றும் தெரிந்தது. கறுப்புக் கட்டையின் அடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பியது. முதலில் நூல் கனம். பிறகு விரல் கனம். அது மேலே மேலே போய்ப் பலகையின் முனையில் முடிந்தது. கிளை பிரிந்த கவை இருந்த முனை அது.

அகிலாண்டம் அஞ்சலாட்சியின் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தாள். முனையில் மரம் மாவாக உதிர்ந்தது.

"கட்டை செத்துப் போயிடும்க்கா. அது வழியா மழைத்தண்ணி உள்ள எறங்கும். வெளிய எலை பச்சையாத்தான் இருக்கும். காய் காய்க்கும். உள்ள இப்பிடி உளுத்துக்கிட்டே மேல போவும்."

அஞ்சலாட்சி விரலில் ஒட்டிய கறுப்புத் தூளைப் பார்த்தாள்.

"அப்ப என் கைதான்."

ஏழுமலை குருவின் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று ஆட்டினான்.

"ஆமாக்கா" என்றாள் அகிலாண்டம்.

ஏழுமலை வெளியே போனான். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

அஞ்சலாட்சி அழவில்லை. மேசையோடு சேர்ந்து அப்படியே தரையில், சீவலின் மேல் உட்கார்ந்தாள். அகிலாண்டமும் எதிரில் உட்கார்ந்தாள். வெயில் பலகையின் நுனிக்கு வந்து, மேசையை விட்டுப் போகும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"இல்லைன்னு நீ சொல்லியிருக்கலாம்."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. இந்தப் பலகை இங்கயே இருக்கும். அதை நான் தெனமும் பாக்கணும்."

அஞ்சலாட்சி தலையை ஆட்டினாள். அதை ஒப்புக்கொண்டாளா இல்லையா என்று தெரியவில்லை. மேசையைப் பிடித்து எழுந்தாள். பலகையின் முன்னால் நின்றாள். எண்ணெய் ஊறிய சுழி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. சட்டென்று அவளுக்குக் கோபம் வந்தது.

"எல்லாம் சரி. செத்த கட்டையைச் சுத்தி இது ஏன் இப்பிடிப் பூத்துக் கெடக்கு? ஊரான் வந்து அழகுங்கறான். டீப்பாய்ங்கறான். என் புள்ளை போன எடத்துல இதுக்கு என்னா அலங்காரம்? வெக்கமா இல்லை இதுக்கு?"

அகிலாண்டம் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது பூக்கலக்கா. மூடப் பாத்திருக்கு."

"எதை?"

"நீங்க வெட்டின எடத்தை. ஒவ்வொரு சுத்தும் ஒரு தடவை மூடப் பாத்தது."

அஞ்சலாட்சி குனிந்தாள். நகத்தால் உள்ளேயிருந்து ஒவ்வொரு சுற்றாக எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. தவறிவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள்.

"எண்ணாதீங்கக்கா. பலாவுல வருஷத்துக்கு ஒரு சுத்துன்னு சரியா விழாது."

"மூடிச்சா?"

"இல்லை. ஒட்ட வெட்டியிருந்தா மூடியிருக்கும். ஒரு சாண் கட்டையைத் தாண்டி வர அதால முடியலை."

அஞ்சலாட்சியின் நகம் சுழியின் மேலேயே நின்றது. சின்னக் குரலில் கேட்டாள்.

"எப்ப விட்டுடிச்சி?"

அகிலாண்டம் அவள் விரலைப் பிடித்து, சுழியின் வெளிப்பக்கம் நகர்த்தினாள். எல்லா வரிகளையும் தாண்டி, பட்டை ஒட்டியிருந்த ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே பட்டைக்கு அடியில், கட்டையை நோக்கி வளைந்தபடி, நூல்போல ஒரு வெள்ளைக் கோடு இருந்தது.

"விடலக்கா. இதுதான் கடைசிச் சுத்து. இன்னும் முத்தல, பாருங்க. நீங்க ஆளை வச்சி வெட்டிச் சாய்ச்சீங்களே, அன்னிக்கும் இதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு."